நாலாவது கட்டம்

சாரோ அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் ஏணியின் நாலாவது படியில் நின்று வீண் கொப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். ஒக்டோபர் முடிகிற நேரம். இத்தாலியில், பலெர்மோ நகரத்து ஓரத்தில் உள்ள சியாகுல்லியில் சாரோவின் தோட்டம் அப்படியொன்றும் பெரிதல்ல. மேல்தோட்டம், கீழ்த்தோட்டம், நடுவில் ஒரு கல்மதில், மரமெல்லாம் மந்தரீனோ. சின்னத் தோடம்பழம் என்று சொன்னால் சாரோவுக்குக் கோபம் வரும். மற்ற ஊர்ப் பழம் மார்கழியோடு முடிந்துவிடும், இது மாசியில்தான் இனிக்கவே தொடங்கும். அன்றைக்கு எல்லாம் பச்சைக் காய். வழக்கமாக வருகிற வியாபாரி முதல்நாள் வந்து, கோடை முழுக்க மழையில்லை என்று காரணம் காட்டி, அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தான். சாரோவுக்கு முகம் கறுத்துப் போயிருந்தது. "சாம்பி, நீ சொல்லு. இந்த மரத்திலை எத்தினை பெட்டி வரும்?" என்றார்.

என் பெயர் சாம்பவி. பதினாலு மாரியாக அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறேன், இன்னும் அவருக்கு நான் சாம்பிதான். இறங்காமலேயே சொன்னேன், இதில் ஒன்பது, பக்கத்து மரத்தில் ஏழு, அந்த மூலை மரம் போன வருசம் களைத்துப்போய்விட்டது, அதில் மூன்று வந்தால் பெரிய காரியம். சாரோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மூன்று தலைமுறையாகத் தோட்டம் வைத்திருக்கிறவர், அவருக்கும் அதே எண்ணிக்கைதான் மனதில் இருந்திருக்க வேண்டும். "வியாபாரிக்கு வெட்டிக் குடுக்கிற நீயே வாங்கினால் என்ன?" என்றார். பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் நான் வெட்டுவதை விட்டுவிட்டு ஏணியால் இறங்கினேன்.

இங்கே காயை மரத்தோடு விற்பார்கள். எங்கள் ஊரில் மாம்பூவைப் பார்த்துக் குத்தகை பேசுவது போலத்தான். வாங்குகிறவன் பணத்தைக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு காற்று அடித்தாலும் கல்மழை விழுந்தாலும் அவன் பாடு. பழம் இனித்து, விலையும் ஏறினால் அதுவும் அவன் பாடு. பலெர்மோவில் எங்கள் ஆட்கள் எத்தனையோ வருசமாக வீடு துடைக்கிறார்கள், கிழடுகட்டைகளைக் குளிப்பாட்டுகிறார்கள், கோப்பை கழுவுகிறார்கள். மரத்தோடு காய் வாங்கிய ஒருத்தரை, அதுவும் ஒரு பெண்ணை, நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வீடு இருக்கிற பிரான்காச்சோவுக்குத் திரும்பும் பஸ்ஸில் அன்றைக்கு எனக்கு இருக்க இடம் கிடைத்தது, ஆனாலும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் சொன்னதும் முதலில் சிரித்தது மகள் ஜெனுஷா. பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிறாள். சிரித்து முடிந்ததும் கணினியைத் திறந்தாள். கடந்த பத்து வருசத்து விலை, மழை, குளிர் எல்லாவற்றையும் எங்கிருந்தோ எடுத்து மூன்று கட்டம் போட்டாள். நல்லாப் போனால் இவ்வளவு, ஒரு மாதிரிப் போனால் இவ்வளவு, கெட்டுப்போனால் இவ்வளவு. பச்சை, மஞ்சள், சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குப் பச்சையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. இருபத்திரண்டு வருசமாக ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டவென்று சேர்த்த காசு இருந்தது. அது முழுவதையும் போட்டால் இரண்டு தோட்டத்தையும் வாங்கலாம். வீட்டைப் பிறகு இரட்டிப்பாக வாங்கலாம் என்று மனம் கோட்டை கட்டிவிட்டது.

என் மனுசன் குணரத்தினம் அவள் போட்ட கட்டத்தைக் கண்ணாடி போட்டு, கண்ணாடி கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு பிள்ளை. நாலாவது எங்கை?"

"என்ன நாலாவது அப்பா? நல்லது, நடுவிலை, கெட்டது. அவ்வளவுதானே."

"நீ நினைக்காதது. அதுக்கு ஒரு கட்டம் வேணும்."

"நினைக்காததை எப்பிடி அப்பா கட்டத்திலை எழுதுறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. நகர நடுவில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில், மாபிள் படி வைத்த பழைய கட்டடமொன்றில், பணக்காரர்களின் பணத்தை எங்கே போடலாம் என்று ஆலோசனை சொல்லும் ஒரு ஒபிஸ் இருந்தது. அதைத் துப்புரவு செய்வதுதான் பத்தொன்பது வருசமாக அவர் வேலை. தை மாசத்தில் அங்கே ஒரு கூட்டம் நடக்கும். வரப்போகும் வருசம் எப்படி இருக்கும் என்று வழுவழுப்பான தாளில் புத்தகம் அடித்து, வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பார்கள். முதல் பக்கத்தில் மேலே ஏறும் அம்புக்குறி கட்டாயம் இருக்கும். மார்கழி வரும்போது மிச்சப் புத்தகத்தைக் குப்பைக்குக் கொண்டுபோவது இவர். போகும் வழியில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வார். இத்தாலி மொழி வாசிக்கப் பழகத்தான் தொடங்கினார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தையில் சொன்னதை மார்கழியில் வாசிக்கிற ஒரே ஆள் பலெர்மோவில் இவராகத்தான் இருக்க வேண்டும். மற்ற எல்லாருக்கும் அதற்குள் அடுத்த வருசத்துப் புத்தகம் வந்துவிடும்.

அன்றைக்குக் கட்டிலுக்குக் கீழிருந்த சூட்கேசை இழுத்து அதுவரை சேர்த்திருந்த புத்தகங்களையெல்லாம் நிலத்தில் பரப்பினார். எனக்கு எரிச்சலாக வந்தது, கதை பேசுகிற நேரத்தில் இவர் கடை பரப்புகிறார். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். உலகமே முடங்கிக் கிடந்த வருசத்துப் புத்தகத்தில் நோய் என்ற சொல்லே இல்லை. வங்கிகள் விழுந்த வருசத்துப் புத்தகத்தில் வங்கிப் பங்கு வாங்கச் சொல்லி இருந்தது. சண்டை தொடங்கிய வருசத்தில் காஸ் விலை குறையும் என்று இருந்தது.

"அவை பொய்யர் இல்லை. நல்லாப் படிச்ச ஆக்கள். ராப்பகலாய் இருந்து கணக்குப் பாக்கிறவை, எனக்குத் தெரியும், நான்தானே கோப்பி கோப்பை பொறுக்கிறன். அவைக்கே பிடிபடேல்லை."

"அப்ப வாங்க வேண்டாம் எண்டுறியளோ? நேராய்ச் சொல்லுங்கோ," என்றேன்.

"வாங்கும். மரத்தை உமக்குத் தெரியும். பாதியை வாங்கும். மரம் என்ன செய்யும் எண்டு நான் கேக்கேல்லை சாம்பவி. அது பிழைச்சால் நாங்கள் என்ன செய்வம் எண்டுதான் கேக்கிறன். விழுந்தால் எழும்பக்கூடிய உயரத்துக்குத்தான் ஏற வேணும்."

பாதி! வாழ்க்கையில் முதன்முதலாக ஒருத்தர் என்னிடம் தோட்டத்தை நீட்டுகிறார், இந்த மனுசன் பாதியை எடு என்கிறார். அகலக்கால் வைக்காதே என்று சொல்கிறவர்கள் காலே வைக்காமல் போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று கத்தினேன். மூன்று நாள் கதைக்கவில்லை. மூன்று நாளும் வீட்டில் கறியில்லாமல் வெறும் சோறும் சொதியும்தான். அவர் சொதியை ஊற்றிப் பிசைந்து, நல்லாயிருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நாலாம் நாள் நானே இறங்கி வந்தேன். பயத்தில் அல்ல. தோட்டத்துக்குப் போய் இரண்டு பகுதியையும் புதுக் கண்ணால் பார்த்தேன். மேல்தோட்டம் காற்றுக்கு நெஞ்சைத் திறந்து நிற்கிறது. கீழ்த்தோட்டத்துக்கு மதில் காவல். பாதிதான் என்றால் எந்தப் பாதி என்று எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

சரி, நாள் பார்க்க வேண்டும். எங்கள் குசினிச் சுவரில் யாழ்ப்பாணத்து நகைக்கடைக் கலண்டர் தொங்குகிறது, வருசாவருசம் யாராவது கொண்டுவந்து தருவார்கள். வியாழக்கிழமை, ஒன்பதே முக்கால் தொடக்கம் பத்தே முக்கால் வரை சுபநேரம் என்று இருந்தது. இதில் இங்கே எங்கள் ஆட்களுக்குள் இரண்டு கட்சி. கலண்டரில் உள்ளதை அப்படியே இங்கத்தை நேரமாக எடுக்க வேண்டும் என்பது ஒன்று. அது ஊர் நேரம், மாரி என்றால் நாலரை மணித்தியாலம் கழிக்க வேண்டும் என்பது மற்றது. நான் இங்கே வந்த நாளில் இருந்து முதல் கட்சிதான். ஆனால் இவ்வளவு பெரிய காரியத்துக்கு முன்னால் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. மரம் இங்கே நின்றாலும் என் சாதகம் அங்கேதானே எழுதியது? அப்போது நேரமும் அங்கத்தைதானே? கழித்துப் பார்த்தேன். விடியப்புறம் அஞ்சேகால்.

"அம்மா, அஞ்சேகாலுக்கு ஆரம்மா கையெழுத்து வைப்பினம்?" என்று ஜெனுஷா தலையில் கை வைத்தாள். குணரத்தினம் தெரிந்த ஒருவரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். வியாழன் விடியப்புறம் அஞ்சு மணி பத்து நிமிடத்துக்கு நாங்கள் சாரோவின் கேற்றடியில் நின்றோம். நாய் குலைத்த குலைப்பில் சியாகுல்லி முழுவதும் எழும்பியிருக்கும். சாரோ கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்து, யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து, சிலுவை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். நான் காசு வைத்த உறையை மேசையில் வைத்து, கீழ்த்தோட்டம் முழுவதும் எனக்கு என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். தன் வாழ்நாளில் இந்த நேரத்துக்கு வந்த வியாபாரியைத் தான் கண்டதில்லை என்றார். பிறகு கோப்பி போட்டார். தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தபோது சரியாக அஞ்சு இருபத்தஞ்சு. கையைக் குலுக்கும்போது, மதிலோரத்து மேல் வரிசையையும் வைத்துக்கொள், காலையில் எழும்புகிறவளுக்கு என் அன்பளிப்பு என்றார்.

அன்று எட்டு மணிக்கு அந்த வியாபாரி திரும்ப வந்தானாம். வேறெங்கோ காய் கிடைக்கவில்லையாம், இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து நல்ல விலை சொன்னானாம். கீழ்த்தோட்டம் விடியமுன்னமே விற்றாயிற்று என்றாராம் சாரோ. அவன் நம்பவில்லை. மேல்தோட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனான். நான் கலண்டரை அப்படியே எடுத்து ஒன்பதே முக்காலுக்குப் போயிருந்தால், பழையபடி கூலிக்கு ஏணியில் ஏறியிருக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிசிரியென்று சிரித்தார். "பிள்ளை, நேரத்தைக் கழிக்கக் கூடாது. சூரியன் உதிச்சதிலையிருந்துதான் எண்ணுறது, அந்தந்த ஊருக்கு அந்தந்தச் சூரியன். நீர் போனது ஒரு கணக்கிலையும் வராத நேரம்." எனக்கு முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வரும்போது குணரத்தினம், "ஒரு கணக்கிலையும் வராத நேரத்துக்குத்தானே தோட்டம் கிடைச்சது," என்று சொன்னார். மூன்று நாள் சொதியை இரண்டு பேரும் அன்றைக்குத்தான் மறந்தோம்.

அதற்குப் பிறகு என் பெயரில் ஒரு வியாபார இலக்கம் எடுத்தோம், பார்த்தீத்தா ஈவா என்பார்கள். அந்தத் தாளில் என் முழுப் பெயர், சாம்பவி குணரத்தினம், ஒரு எழுத்தும் பிழையில்லாமல் இருந்தது. ஜெனுஷா அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினாள். நான் வேண்டாம் என்று சொன்னேன், யாருக்கெல்லாம் அனுப்பினாள் என்று பிறகு கேட்டும் பார்த்தேன். மார்கழியில் ஜெனுஷாவின் போன் மூன்று தடவை கல்மழை வரும் என்றது. மூன்று தடவையும் நான் நித்திரையில்லாமல் கிடந்தேன், ஒரு கல்லும் விழவில்லை. போன் ஒன்றும் சொல்லாத ஒரு நாள் காற்று வந்து மதிலுக்கு மேல் பக்கம் அடித்துக் கொட்டிவிட்டுப் போனது. என் பக்கத்தில் விழுந்ததைக் கூடைகளில் பொறுக்கினேன். விழுந்த காயைக் கையில் எடுக்கும்போது நெஞ்சு நோகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பதினாலு வருசமாக விழுந்ததை எல்லாம் காலால் தள்ளிவிட்டு நடந்தவள்தான் நான்.

தை மாசம், புதன்கிழமை. காலை பத்து மணிக்குக் குணரத்தினம் வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் அவர் காலடிச் சத்தத்தைப் படியில் நான் கேட்டதே இல்லை. ஒரு கையில் ரப்பர் கையுறை போட்ட பை, மற்றத் தோளில் ஒரு பெட்டி. பெட்டியைக் குசினி நடுவில் வைத்துவிட்டு இருந்தார்.

"ஒபிசைப் பூட்டுகினமாம். மிலானோவிலை ஒரு பெரிய கொம்பனி வாங்கிப்போட்டுது. பலெர்மோ ஒபிஸ் தேவையில்லையாம். முதலாளி தொத்தோருக்கே நேற்றுப் பின்னேரம்தான் தெரியுமாம். நிண்டு அழுகிறார் மனுசன்."

பெட்டிக்குள் இந்த வருசத்துப் புத்தகம், கட்டுக் கட்டாக, நாடா கூட அவிழ்க்காமல். கூட்டம் அடுத்த கிழமை நடக்க இருந்ததாம். முதல் பக்கத்தில் அம்புக்குறி எப்போதையும் விடச் செங்குத்தாக ஏறியது. ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பார்கள். எனக்கு அந்தப் பழமொழி வாய்வரை வந்தது, அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ஐம்பத்தேழு வயதில் ஒரு மனுசன் தன் விளக்குமாற்றுக்குக் கூடப் பிரியாவிடை சொல்லாமல் வந்திருக்கிறார். ஜெனுஷா அறையிலிருந்து வந்து பெட்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "நாலாவது கட்டம்," என்று மெல்லச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு தோட்டத்தையும் வாங்கியிருந்தால் இன்றைக்கு வாடகைக்கே வழியில்லை. மேல்தோட்டத்தில் பாதி நிலத்தில் கிடக்கிறது. வங்கியில் மிச்சமாக இருக்கிற அந்தப் பாதிதான் இனி மாசி வரைக்கும், மாசிக்கு அங்காலும் எங்களுக்குச் சோறு. வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது. "நீங்கள் சொன்னதுதான் சரி," என்றேன். கலியாணம் கட்டி இருபத்தாறு வருசத்தில் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை, அவர் கவனித்தாரோ தெரியவில்லை. "நாளைக்கு எனக்கு வேலை இல்லை," என்றார். "ஆர் சொன்னது? தோட்டத்துக்கு ஆள் தேவை. ஆறு மணிக்கு நிக்க வேணும்," என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். வேலை கொடுத்த அம்மாவிடம் சொல்வது போல, "ஓம் சின்யோரா," என்றார்.

மாசி நடுவில் பழம் கனிந்தது. மழையில்லாத கோடையால் பழம் சிறுத்துத்தான் இருந்தது, ஆனால் வாயில் போட்டால் கண் மூடும். சந்தையில் ஆட்கள் பருமனுக்குக் காசு கொடுப்பார்களா, இனிப்புக்குக் கொடுப்பார்களா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். என் மனுசனுக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். இழுத்தால் தோல் கிழியும், காம்போடும் இரண்டு இலையோடும் வெட்ட வேண்டும். பத்தொன்பது வருசம் மாபிள் படி துடைத்த கை, ஒரு பழத்துக்கும் காயம் வைக்கவில்லை. ஒபிஸ் சப்பாத்தோடு ஏணியில் நின்ற அவரைக் கீழிருந்து பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது. சாரோ மதிலில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற வருசம் என்றால் ஏதாவது பிழை சொல்லியிருப்பார்.

முதல் லொறி வந்த அன்று பெட்டிக்கு அடியில் விரிக்கிற தாள் முடிந்துவிட்டது. இன்னும் நாற்பது பெட்டி கிடந்தது. குணரத்தினம் போய், அன்றைக்கும் இரவல் வாங்கி வந்திருந்த காரிலிருந்து அந்தப் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய பத்தொன்பதும் சூட்கேசுக்குள் பத்திரமாக இருக்கின்றன, இது இந்த வருசத்தது. நாடாவை அறுத்து, பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு தாள் விரித்தார். ஈரத்துக்கு நல்ல தாள் என்றார். நான் அதன் மேல் பழத்தை அடுக்கினேன். பெட்டியின் பக்கத்துப் பலகையில் கறுப்பு மையால் என் பெயரை எழுதினேன். சாம்பி என்றல்ல, முழுவதையும்.

லொறிக்காரன் சின்னப் பொடியன் இல்லை, சந்தைக்குப் போய்வந்து பழுத்தவன். கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டு, பலகையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். பிறகு, "பத்ரோனா, நாளைக்கு என்ன விலை போகும் எண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டான். தோட்டத்து முதலாளியைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். நான் பின்னால் சாரோ நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"தெரியாது," என்றேன். கழுத்தை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

அவன் சிரித்துக்கொண்டு ஏறினான். ஏணியடியில் நின்ற என் மனுசன் கத்தரியை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். "பத்தொன்பது வருசம். அந்த ஒபிசிலை ஒருதர் வாயிலையும் இந்தச் சொல்லை நான் கேக்கேல்லை," என்றார்.

லொறி கல்மதிலை உரசாமல் மெதுவாக வளைந்து இறங்கியது. பெட்டிகளுக்கு வெளியே இலைகள் துடித்தன. கடைசி வரிசைப் பெட்டியொன்றின் பலகை இடுக்கால், என் பெயருக்குக் கீழே, அந்த அம்புக்குறியின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு போனது. அதன் மேல் ஒரு மந்தரீனோ உருண்டு வந்து குந்தியிருந்தது.